பணிக்குத் திரும்பும்போது குழந்தையை யாரிடம் விடுவது?

மகப்பேறு விடுப்பு முடியப்போகிறது என்ற நினைப்பு வந்ததுமே பெரும்பாலான பெற்றோர் பக்கத்தில் எந்தெந்தக் காப்பகங்கள் இருக்கின்றன என்று தேடத் தொடங்குகிறார்கள். அதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. உங்கள் வேலைநாள் உண்மையில் எப்படி ஓடுகிறது என்பதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வீட்டை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், போக வர எவ்வளவு நேரமாகும், வேலை முடிய வேண்டிய நேரத்தில் முடிகிறதா, ஷிப்ட் மாறுமா, வெளியூர்ப் பயணம் உண்டா, எந்த நாளில் யார் குழந்தையைக் கொண்டுபோய் விடுவது, யார் அழைத்து வருவது என்பவற்றையெல்லாம் ஒளிவுமறைவின்றி எழுத வேண்டும். ஆறு மணிக்கு மூடும் காப்பகம் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், வாரத்தில் மூன்று நாள் ஆறரைக்குத்தான் அங்கே போய்ச் சேர முடியும் என்றால் அது உங்களுக்கு உரிய இடம் அல்ல. இந்தக் கணக்கைத் தாயும் தந்தையும் சேர்ந்தே போட வேண்டும். தாய் மட்டும் தன் வேலைநேரத்தை வளைத்துக்கொள்வார் என்ற எண்ணத்தில் போடப்படும் ஏற்பாடு, அவருக்கு அலுவலகத்தில் நெருக்கடி வரும் முதல் வாரத்திலேயே ஆட்டம் காணும்.

கைக்குழந்தைகளுக்கான இடங்கள் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். ஒருவர் ஒரே நேரத்தில் மிகச் சிலரை மட்டுமே கவனிக்க முடியும் என்பதால் காப்பகங்களுக்கு இந்த வயதினரைச் சேர்ப்பது செலவு மிகுந்த வேலை. கட்டணம் கூடுவதற்கும் காத்திருப்போர் பட்டியல் நீளுவதற்கும் அதுவே காரணம். எனவே கருவுற்றிருக்கும் காலத்திலேயே விசாரிக்கத் தொடங்குவதை அவசரம் என்று எண்ண வேண்டாம். விடுப்பின் கடைசி வாரங்களில் தேடுபவர்கள் காலியாக இருக்கும் இடத்தைத்தான் பெறுகிறார்கள். அது நல்ல இடமாகவும் அமைந்துவிட்டால் அதிர்ஷ்டம்.

இதே நாட்களில் அலுவலகத்தோடும் பேசிவிட வேண்டும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2000ஆம் ஆண்டில் ஏற்ற 183ஆம் எண் மகப்பேறு பாதுகாப்பு ஒப்பந்தம் குறைந்தது 14 வாரங்கள் விடுப்பு தரவேண்டும் என்று சொல்வதோடு நின்றுவிடவில்லை. பணிக்குத் திரும்பிய தாய் குழந்தைக்குப் பாலூட்டுவதற்கு நாள்தோறும் இடைவேளையோ வேலைநேரக் குறைப்போ பெற வேண்டும் என்றும், அந்த நேரத்தை ஊதியம் உள்ள வேலைநேரமாகவே கணக்கிட வேண்டும் என்றும் அது கூறுகிறது. உங்கள் நாட்டுச் சட்டமும் நிறுவன விதியும் இதில் எவ்வளவைத் தருகின்றன என்று எழுத்து வடிவில் கேட்டுப் பெறுங்கள். முதல் சில வாரங்கள் அரைநாள் வேலை, வாரத்தில் ஓரிரு நாள் வீட்டிலிருந்து வேலை, வாரத்தின் நடுவில் பணியில் சேருதல் போன்ற சிறு சலுகைகள் கிடைக்குமா என்றும் கேட்கலாம். புதன்கிழமை சேர்ந்தால் முதல் வாரம் மூன்றே நாளில் முடிந்துவிடும். இந்தச் சிறு ஏற்பாடு தருகிற ஆறுதல் கொஞ்சமல்ல. ஆனால், வீட்டிலிருந்து வேலை செய்வதையே குழந்தைப் பராமரிப்பாகக் கணக்கில் எடுக்க வேண்டாம். தவழும் குழந்தையையும் அலுவலகக் கூட்டத்தையும் ஒருவரே ஒரே நேரத்தில் கவனிக்க முடியாது.

எந்த வகை ஏற்பாடு

உறவினர், வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்பவர், தன் வீட்டில் சில குழந்தைகளை வைத்துக் கவனிப்பவர், காப்பகம் என நான்கு வழிகள் பொதுவாக உள்ளன. எது சிறந்தது என்ற பொதுத் தீர்ப்பு கிடையாது. காப்பகத்தில் ஓர் ஊழியர் வரவில்லை என்றால் இன்னொருவர் இருப்பார். ஒருவர் செய்வதை மற்றவர் பார்த்துக்கொண்டும் இருப்பார். ஆனால் அங்கே சளியும் காய்ச்சலும் அடிக்கடி தொற்றும், நேரக் கட்டுப்பாடும் உண்டு. வீட்டுக்கு வருபவரிடம் குழந்தை பழகிய இடத்திலேயே, தன் தூக்க நேரப்படியே இருக்கும். ஆனால் அவர் வராத நாளில் எல்லாம் நின்றுவிடும், அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்க்கவும் ஆளில்லை. சிறு குழுவாக வீட்டில் வைத்துக் கவனிப்பவர் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறார்.

தாத்தா பாட்டி பார்த்துக்கொள்வதைப் பலர் கேள்வியே இல்லாத வழியாகக் கருதுகிறார்கள். அன்புக்குக் குறை இருக்காது என்பது உண்மைதான். ஆனால் அன்பு இருக்கிறது என்பதற்காகப் பேச வேண்டியவற்றைப் பேசாமல் விடக்கூடாது. ஓடத் தொடங்கிய குழந்தையின் பின்னால் நாள் முழுவதும் செல்ல அவர்களுடைய முழங்காலும் இரத்த அழுத்தமும் இடம் தருமா, அவர்களுக்கு மருத்துவரிடம் செல்ல வேண்டிய நாளில் யார் பொறுப்பு, அவர்களுடைய சொந்தச் செலவை யார் ஏற்பது, ஓய்வு நாள் எது என்பவற்றை முதலிலேயே பேசித் தீர்க்க வேண்டும். வளர்ப்பு முறையில் தலைமுறைக்குத் தலைமுறை கருத்து வேறுபடும். எல்லாவற்றிலும் சண்டை பிடிப்பதைவிட, உயிரோடு தொடர்புள்ள சிலவற்றில் மட்டும் உறுதியாக நின்று மற்றவற்றை விட்டுக்கொடுப்பது நல்லது. தூங்க வைக்கும் முறை, ஒரு வயது முடியும்வரை தேன் கொடுக்காமை, ஆறு மாதத்துக்கு முன் தண்ணீரோ வேறு உணவோ தராமை, மருந்தின் அளவு ஆகியவை அந்தச் சில. குழந்தைக்கு எந்தச் சட்டை போடுவது என்பதெல்லாம் அவர்கள் விருப்பம்.

செலவைக் கணக்கிடும்போது தாயின் சம்பளத்திலிருந்து பராமரிப்புக் கட்டணத்தைக் கழித்து, மிச்சம் எவ்வளவு என்று பார்க்கும் பழக்கம் தவறானது. குழந்தை இருவருக்கும் உரியது என்பதால் கட்டணமும் குடும்பத்தின் மொத்த வருமானத்திலிருந்தே போக வேண்டும். வேலையில் தொடர்வதால் கிடைக்கும் பணி அனுபவம், சம்பள உயர்வு, ஓய்வூதியச் சேமிப்பு ஆகியவை அந்த மாதக் கழித்தலில் தெரிவதில்லை. தாமதமாக அழைத்துச் சென்றால் கூடுதல் கட்டணம், விடுமுறை நாட்களுக்கும் கட்டணம், முன்பணம் என்று பின்னால் வந்து சேருபவற்றையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரில் பார்க்கும்போது

கட்டடம் குழந்தையை வளர்ப்பதில்லை. உங்கள் குழந்தையை யார் தூக்குவார், அவர் இன்னும் எத்தனை மாதம் அங்கே இருப்பார் என்ற இரண்டு கேள்விகளுக்குத் தெளிவான விடை தரும் இடமே தேர்வுக்கு உரியது. சுவரில் வரைந்துள்ள யானைகளைக் கைக்குழந்தை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அவை பெற்றோருக்காக வரையப்பட்டவை. மேரி ஐன்ஸ்வொர்த், ஜான் பௌல்பி ஆகிய உளவியலாளர்களின் ஆய்வுகள் காட்டியதுபோல், சிறு குழந்தை தன் அழுகைக்கும் பசிக்கும் மாறாமல் பதில் தரும் சிலரிடமே பற்றுக்கொண்டு பாதுகாப்பை உணர்கிறது. பராமரிப்பவர் மாதத்துக்கு ஒருவராக மாறிக்கொண்டிருந்தால் அந்தப் பற்று வேரூன்ற வழியில்லை. ஆகவே, கைக்குழந்தைகள் அறையில் இப்போது இருப்பவர்கள் எவ்வளவு காலமாக வேலை செய்கிறார்கள், ஒவ்வொரு குழந்தைக்கும் பொறுப்பாளர் என ஒருவர் குறிக்கப்பட்டிருக்கிறாரா, ஊழியர்களுக்கு இடைவேளை உண்டா என்று கேளுங்கள். இளைப்பாற நேரமில்லாத ஊழியரிடம் நாள் முழுவதும் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

ஒருவர் எத்தனை குழந்தைகளைக் கவனிக்கிறார் என்பது அடுத்தது. நாட்டுக்கு நாடு விதி மாறும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் பங்கேற்று உருவாக்கிய காப்பக நெறிமுறைகள் ஒரு வயதுக்கு உட்பட்ட 3 குழந்தைகளுக்கு ஒருவர் என்றும், ஒரு குழுவில் 6 குழந்தைகளுக்கு மேல் கூடாது என்றும் பரிந்துரைக்கின்றன. இங்கிலாந்திலும் இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 3க்கு 1 என்பதே விதி. உங்கள் பகுதியின் விதி இதைவிடத் தளர்வாக இருந்தால்கூட இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். தீ விபத்து நேர்ந்தால் ஒருவர் எத்தனை கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேற முடியும் என்று எண்ணிப் பார்த்தாலே அதன் பொருள் விளங்கும். ஏட்டில் உள்ள எண் வேறு, மதிய உணவு நேரத்தில் அறையில் நிற்பவர்களின் எண் வேறாக இருக்கலாம். உரிமம் நடப்பில் இருக்கிறதா, கடைசியாக ஆய்வு நடந்தது எப்போது, அதில் குறை ஏதும் குறிக்கப்பட்டதா என்பவற்றைக் கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

முதல் முறை முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செல்லலாம். இரண்டாம் முறை, குழந்தைகள் களைத்துச் சிணுங்கும் பிற்பகலிலோ மாலையிலோ சொல்லாமல் செல்லுங்கள். பெற்றோர் எந்த நேரத்திலும் வரலாம் என்று ஒப்புக்கொள்ளாத இடத்தை அந்த ஒரு காரணத்துக்காகவே விலக்கிவிடலாம். அறையில் ஓரமாக உட்கார்ந்து, குழந்தை அழும்போது என்ன நடக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். யாராவது எழுந்து வருகிறார்களா, குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்களா, டயப்பர் மாற்றும்போது பேச்சு இருக்கிறதா அல்லது பொருளைக் கையாளுவதுபோல் வேலை நடக்கிறதா? மாற்றி முடித்ததும் கை கழுவுகிறார்களா? புட்டியைத் தலையணையில் சாய்த்து வைத்துப் பால் புகட்டுகிறார்களா? அப்படிச் செய்வது மூச்சுத் திணறலுக்கு வழிவகுக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி ஒரு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் திரை நேரம் கூடாது. தள்ளுவண்டி, நாற்காலி போன்றவற்றில் அசையவிடாமல் ஒரே தடவையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருத்தி வைக்கவும் கூடாது. கைக்குழந்தைகள் அறையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தால் மேற்கொண்டு கேட்பதற்கு அதிகம் இல்லை.

தூங்க வைக்கும் முறையைத் தனியாகக் கேட்க வேண்டும், ஏனெனில் இதில் நேரும் பிழை உயிரைப் பறிக்கக்கூடியது. குழந்தையை மல்லாந்த நிலையில், உறுதியான சமமான மெத்தையில், தலையணையும் தடித்த போர்வையும் மென்பொம்மைகளும் இல்லாமல், தனியாகப் படுக்க வைக்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் பல நாடுகள் இந்த அறிவுரையை மக்களிடம் கொண்டுசென்றபின் காரணம் தெரியாத திடீர்க் குழந்தை இறப்புகள் பாதிக்கும் மேல் குறைந்தன. வீட்டில் மல்லாந்து தூங்கியே பழகிய குழந்தையை வேறொருவர் திடீரென்று குப்புறப் படுக்க வைக்கும்போது ஆபத்து பல மடங்கு கூடுகிறது என்பதால், இது வீட்டுக்கும் பராமரிப்பவருக்கும் இடையே ஒரே மாதிரி இருந்தாக வேண்டிய விஷயம். ‘குப்புறப் போட்டால்தான் நன்றாகத் தூங்கும்’ என்று யாராவது சிரித்துக்கொண்டே சொன்னால், அவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் கைக்குழந்தையை அவரிடம் விடுவதற்குமுன் இதைப் பேசித் தீர்த்துவிட வேண்டும்.

கேமரா வழியாக நாள் முழுவதும் பார்க்கலாம் என்பதைச் சில இடங்கள் பெரிதாகச் சொல்லும். அது இருந்தால் தீமை இல்லை. ஆனால் அதை நம்பித் தேர்வு செய்ய வேண்டாம். கேமரா காட்டாத மூலைகள் உண்டு, அலுவலகத்தில் வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது.

வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்பவர்

இவரிடம் நேர்காணல் செய்வதைவிட, முன்பு இவர் வேலை பார்த்த வீட்டாரிடம் பேசுவதில்தான் பயன் அதிகம். ‘நல்லவரா’ என்று கேட்டால் ‘நல்லவர்’ என்றே விடை வரும். ‘எதற்காக வேலையை விட்டார், மறுபடியும் வேண்டுமென்றால் அவரையே வைத்துக்கொள்வீர்களா’ என்று கேட்டுவிட்டு, விடை வருமுன் ஏற்படும் தயக்கத்தையும் கவனியுங்கள். அடையாளச் சான்றுகளைச் சரிபார்த்து, காவல்துறைச் சரிபார்ப்பு வசதி இருக்கும் இடத்தில் அதையும் செய்துவிட வேண்டும். முதலுதவியும், தொண்டையில் ஏதேனும் அடைத்துக்கொண்டால் செய்ய வேண்டியதும் அவருக்குத் தெரிந்திருப்பது அவசியம். தெரியாவிட்டால் பயிற்சிக்கு அனுப்பும் செலவை நீங்களே ஏற்கலாம். நீங்கள் விடுப்பில் இருக்கும்போதே அவரை வேலைக்கு அமர்த்தி, ஓரிரு வாரங்கள் வீட்டில் ஒன்றாக இருந்து பார்த்துவிடுங்கள்.

அவரிடம் நேரடியாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ‘எவ்வளவு முயன்றும் குழந்தை அழுகையை நிறுத்தவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?’ பிறந்து ஆறு வாரங்களையொட்டி அழுகை உச்சத்தில் இருக்கும் என்பதும், பொறுமை இழந்த ஒருவர் குழந்தையைப் பிடித்து உலுக்கினால் மூளையில் இரத்தக்கசிவு ஏற்படலாம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோபம் தலைக்கேறினால் குழந்தையைப் பாதுகாப்பாகத் தொட்டிலில் கிடத்திவிட்டுச் சில நிமிடம் தள்ளி நின்று உங்களுக்கு ஃபோன் செய்யலாம், அதற்காக அவரைக் குறை சொல்லமாட்டீர்கள் என்று நீங்களே முன்வந்து சொல்லிவிடுங்கள்.

வேலை நேரம், சம்பளம், விடுப்பு, மிகைநேர ஊதியம், எவையெல்லாம் அவருடைய வேலை, எவை அல்ல என்பவற்றை எழுதி இருவரும் வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுப் பணியாளர்களுக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2011ஆம் ஆண்டு ஒப்பந்தம், எண் 189, வாரத்துக்குத் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு தரவேண்டும் என்கிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தவரிடம் சமையல், பாத்திரம், துணி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துவிட்டு, குழந்தையைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று வருந்துவதில் நியாயமில்லை.

பாலும் உணவும்

ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும், அதன்பின் மற்ற உணவுகளோடு இரண்டு வயது வரையிலோ அதற்கு மேலோ தாய்ப்பால் தொடர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வேலைக்குச் செல்வதால் இதை விட்டுவிட வேண்டியதில்லை. பால் எடுத்து வைக்க விரும்புபவர்கள் பணியில் சேர்வதற்குச் சில வாரங்கள் முன்பே பழகத் தொடங்கினால், எடுப்பதற்கும் கை வரும், குழந்தையும் புட்டியிலோ கிண்ணத்திலோ குடிக்கப் பழகும். முதலில் தாயே கொடுத்தால் குழந்தை மார்பையே தேடும் என்பதால் வேறொருவர் கொடுப்பது நல்லது.

புதிதாக எடுத்த பாலை 25 டிகிரி செல்சியசுக்கு மிகாத அறையில் 4 மணி நேரமும், குளிர்சாதனப் பெட்டியில் 4 நாட்களும் வைக்கலாம். உறைநிலையில் வைத்தால் 6 மாதத்துக்குள் பயன்படுத்துவது உத்தமம். உறைந்ததை இளக்கியபின் குளிர்ச்சியில் 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கவோ மறுபடி உறையவைக்கவோ கூடாது. குழந்தை குடித்து மீந்ததை 2 மணி நேரத்துக்குப்பின் கொட்டிவிட வேண்டும். மைக்ரோவேவில் சூடாக்கினால் சில இடங்களில் மட்டும் கொதிநிலைக்குச் சென்று வாயைச் சுட்டுவிடும்; வெதுவெதுப்பான நீரில் புட்டியை வைத்தாலே போதும். ஒவ்வொரு புட்டியிலும் குழந்தையின் பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டி, மேற்கண்ட விதிகளைப் பராமரிப்பவர் பார்க்கும் இடத்தில் ஒரு தாளில் மாட்டிவைத்தால் நாள்தோறும் நினைவூட்ட வேண்டியிருக்காது.

பழக்குதல்

முதல் நாளே முழு நாளும் விட்டுவிட்டு வருவது தேவையற்ற கொடுமை. ஒரு மணி நேரம் நீங்களும் கூடவே இருப்பது, பிறகு அரைமணி நேரம் வெளியே செல்வது, பிறகு ஒரு வேளை உணவும் ஒரு தூக்கமும் அங்கேயே நடப்பது என்று ஒன்றிரண்டு வாரங்களில் நேரத்தைக் கூட்டிக்கொண்டு போகலாம். இந்த வாரங்கள் விடுப்புக்குள்ளேயே வரும்படி திட்டமிடுங்கள். எட்டு மாதத்தையொட்டிப் பிரிவுப் பதற்றம் தலைதூக்கி, ஒன்றரை வயதுவரைகூட வலுவாக இருக்கும் என்பதால், நான்கு மாதத்தில் சிரித்துக்கொண்டே சென்ற குழந்தை பத்து மாதத்தில் காலைக் கட்டிக்கொண்டு அழலாம். இது வளர்ச்சியின் அடையாளம். இடம் சரியில்லை என்பதற்குச் சான்று ஆகாது. ஒளிந்து நழுவுவது மட்டும் வேண்டாம். குழந்தை அழும் என்றாலும், ஒரே மாதிரியான சுருக்கமான விடைபெறுதலைச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். வாசலில் நின்று திரும்பத் திரும்ப உள்ளே எட்டிப் பார்ப்பது இருவருக்கும் துன்பம்.

குற்ற உணர்ச்சி பற்றி ஒரு சொல். அமெரிக்காவில் 1991இல் தொடங்கி, 1,300க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பல ஆண்டுகள் தொடர்ந்த தேசியக் குழந்தை நல நிறுவன ஆய்வு, வெளியாள் பராமரிப்பைவிடப் பெற்றோரின் அரவணைப்பும் குடும்பச் சூழலுமே குழந்தையின் வளர்ச்சியோடு வலுவாகத் தொடர்புள்ளவை என்று கண்டது. பராமரிப்பின் தரம் உயர்ந்த இடத்தில் மொழியும் சிந்தனையும் சற்று மேலாகவும், மிக நீண்ட நேரம் காப்பகத்தில் இருந்தவர்களிடம் முரண்டு சற்றுக் கூடுதலாகவும் இருந்தன. இரண்டுமே சிறிய வேறுபாடுகள்தான். தரத்தில் விட்டுக்கொடுக்காமல், நேரத்தை முடிந்தவரை சுருக்குவது என்ற முடிவுக்கு இது போதுமான அடிப்படை.

உடல்நலமில்லாத நாட்கள்

எந்த ஏற்பாட்டுக்கும் மாற்று ஏற்பாடு ஒன்று வேண்டும். குழுவில் சேரும் முதல் ஆண்டில் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு எல்லாம் மாறி மாறி வரும். காப்பகம் அன்று குழந்தையைச் சேர்க்காது. அத்தகைய நாளில் முதலில் விடுப்பெடுப்பவர் யார், அடுத்தவர் யார் என்று பெற்றோர் இருவரும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். காலை ஏழு மணிக்குக் காய்ச்சல்மானியைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் சண்டையில்தான் முடியும். எந்த நிலையில் வீட்டுக்கு அனுப்புவார்கள், எத்தனை மணி நேரம் காய்ச்சலில்லாமல் இருந்தபின் மீண்டும் சேர்ப்பார்கள், மருந்து கொடுக்க எழுத்து அனுமதி வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் இருந்தால் அன்றே, தாமதமின்றி, மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்பதைப் பராமரிப்பவரும் அறிந்திருக்கட்டும். அவர் கக்குவான் இருமலுக்கும் ஃப்ளூவுக்கும் தடுப்பூசி போட்டுக்கொண்டிருப்பது நல்லது.

மாற்ற வேண்டிய நேரம்

காலையில் அழுவதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். மாலையில் குழந்தை எப்படி இருக்கிறது என்பதைப் பாருங்கள். வாரங்கள் கடந்தும் பராமரிப்பவரைக் கண்டதும் உடல் விறைப்பது, பாலும் தூக்கமும் திடீரெனக் குறைவது, காரணம் சொல்லப்படாத காயங்கள், நாள் முழுதும் மாற்றாத டயப்பரால் வந்த புண், கேட்ட கேள்விக்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விடை ஆகியவை கவனிக்க வேண்டியவை. சிறு குறை என்றால் பொறுப்பாளரிடம் அமைதியாகப் பேசி, மாற்றம் தெரிய ஒரு வாரம் தரலாம். அடி, உலுக்கல், ஆளில்லாமல் விட்டுச் செல்லுதல் போன்றவற்றில் அவகாசம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கட்டிய பணம் போனாலும் போகட்டும், அன்றே அழைத்துக்கொண்டு வந்து, உரிமம் வழங்கிய அதிகாரியிடம் எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். மற்ற காரணங்களுக்காக மாற்றும்போது, புதிய இடத்தில் பழக்கும் நாட்களும் பழைய இடத்தின் அறிவிப்புக் காலமும் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி பார்த்துக்கொண்டு, தூங்கும் நேரம், பால் குடிக்கும் அளவு, அழும்போது எப்படித் தூக்கினால் அடங்கும் என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதிப் புதியவரிடம் கொடுங்கள்.